ஆக்ஸ்ஃபோர்டில் சேரப் போகிறீர்களா? பட்டுச் சேலைக்கு முன்னால் கறுப்பு சாக்ஸை எடுத்து வையுங்கள்

முதுநிலைப் படிப்புக்காக மதுரையிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கிளம்பியபோது என் பெட்டியில் மூன்று பட்டுச் சேலைகள் இருந்தன. ஒரு கறுப்பு ஷூ இல்லை. பல்கலைக்கழக விழா என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். விழா என்றால் பட்டு என்றுதானே நாம் வளர்ந்திருக்கிறோம்? அம்மாவும் நானும் சேலைக்குப் பொருத்தமான ரவிக்கை தைக்கவே ஒரு வாரம் அலைந்தோம்.

போய் இறங்கிய பத்தாம் நாள், விழாவுக்கு முந்தின மாலை, கறுப்பு டைட்ஸ் (பாதம் முதல் இடுப்புவரை வரும் ஒட்டிய கால் உறை) தேடிக் கடை கடையாக ஓடினேன். அதற்குள் தப்பான அங்கி ஒன்றையும் வாங்கி வைத்திருந்தேன். பணமும் போச்சு, தூக்கமும் போச்சு. இந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இதில் இருப்பது ஆக்ஸ்ஃபோர்டு கணக்கு மட்டும். கேம்பிரிட்ஜில் விதிகள் வேறு, அங்கே கல்லூரிக்குக் கல்லூரி அங்கியின் வெட்டே மாறும். பிரிட்டனின் பெரும்பாலான மற்ற பல்கலைக்கழகங்களில் பட்டமளிப்பு நாளுக்கு மட்டும் அங்கியை வாடகைக்கு எடுத்தால் போதும்.

1. மூன்று சொற்களைப் புரிந்துகொள்ளுங்கள்

பல்கலைக்கழகத்துக்குள் நீங்கள் சேரும் கல்லூரியிலிருந்து வரும் கடிதத்தில் மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வரும். எல்லோருக்கும் தெரிந்ததுபோல விளக்கம் இல்லாமலே வரும்.

மெட்ரிகுலேஷன்: நமக்கு இது ஒரு பள்ளிக்கூட வகை. அங்கே இது புதிய மாணவர்களைப் பல்கலைக்கழக உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொள்ளும் சடங்கு. வேறு பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிவிட்டு முதுநிலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ போனாலும் இதில் கலந்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே ஆக்ஸ்ஃபோர்டில் ஒருமுறை மெட்ரிகுலேஷன் முடித்தவர்களுக்கு மட்டும் மறுபடி கிடையாது.

சப் ஃபஸ்க்: அங்கிக்கு உள்ளே போடவேண்டிய கறுப்பு வெள்ளை உடுப்பு. மெட்ரிகுலேஷன், தேர்வு மண்டபத்தில் எழுதும் தேர்வு, பட்டமளிப்பு மூன்றுக்கும் இதுதான்.

கவுன்: நம் ஊர்ச் சிறுமிகள் போடும் கவுனை மறந்துவிடுங்கள். உயர் நீதிமன்ற வாசலில் வக்கீல்கள் பறக்க விட்டுக்கொண்டு நடப்பார்களே, அந்த மாதிரிக் கறுப்பு அங்கி. இங்கே அங்கி என்றே எழுதுகிறேன்.

சப் ஃபஸ்க்கைப் பள்ளிச் சீருடை என்று நினைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அழகாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பட்டியலில் உள்ளபடி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். காலைப் பிரார்த்தனை வரிசையில் பி.டி. மாஸ்டர் ஷூவையும் நகத்தையும் பார்ப்பாரே, அதே பார்வை.

பட்டியல் இதுதான். கீழே: அடர்நிற சூட்டும் அடர்நிற சாக்ஸும், அல்லது அடர்நிறப் பேன்ட்டும் அடர்நிற சாக்ஸும், அல்லது அடர்நிறப் பாவாடையும் கறுப்பு டைட்ஸும். மேலே: காலர் வைத்த வெறும் வெள்ளைச் சட்டை அல்லது பிளவுஸ் (சேலை ரவிக்கை அல்ல). கழுத்தில்: வெள்ளை போ டை (பட்டாம்பூச்சி வடிவ டை), கறுப்பு போ டை, கறுப்பு நீள டை, கறுப்பு ரிப்பன், இந்த நான்கில் ஒன்று. காலில் கறுப்பு ஷூ. தேவைப்பட்டால் அடர்நிறக் கோட்டு. ஆணுக்கு இது, பெண்ணுக்கு இது என்ற பிரிவு 2012இல் எடுக்கப்பட்டுவிட்டது. பெண்கள் பேன்ட், நீள டை போடலாம். யார் எதையும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு வரியிலிருந்தும் ஒன்று கட்டாயம்.

கவனியுங்கள், பட்டியலில் சேலை இல்லை, வேட்டி இல்லை, சல்வாரும் இல்லை. அவற்றுக்கு வேறு நாள் வரும். ஆறாவது பகுதியில் சொல்கிறேன்.

மத நம்பிக்கையின்படி தலையை மறைப்பவர்களும், தோல் நோய், காலில் கட்டு மாதிரியான உடல்நலக் காரணத்தால் பட்டியலில் உள்ளதைப் போட முடியாதவர்களும் சேர்ந்த முதல் வாரத்திலேயே கல்லூரி அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். உடல்நலக் காரணம் என்றால் மருத்துவர் கடிதம் கையில் இருக்கட்டும். தேர்வு நாள் காலையில் வாசலில் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

2. ஆகஸ்டில், ஊரில் இருக்கும்போதே

அங்கி, அதோடு வரும் சதுரத் தலைத் தொப்பி, ரிப்பன் தவிர மற்ற எல்லாவற்றையும் ஊரிலேயே முடித்துவிடுங்கள். செலவு ஏறக்குறைய பாதிதான் ஆகும். ஒரு பவுண்டுக்கு நூற்றுச் சொச்சம் ரூபாய் என்று கணக்குப் போட்டால் உங்களுக்கே புரியும்.

கறுப்புப் பேன்ட், கறுப்புக் கோட்டு: அடர்நிறம் என்றுதான் விதி சொல்கிறது. ஆனாலும் கறுப்பே வாங்குங்கள். நம் கடைகளில் கருநீலம் என்று தருவதற்குள் பத்து நிறம் இருக்கிறது, அதில் எது அடர்நிறம் என்று அங்கே போய் வழக்காட வேண்டாம். ஜீன்ஸ் கூடாது. எங்கள் தெரு டெய்லரிடம் பேன்ட்டும் கோட்டும் துணியோடு சேர்த்து ஏழாயிரம் ரூபாய்க்குள் முடித்துவிடலாம். நான் அதைச் செய்யாமல் அங்கே போய் வாங்கினேன், ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனது. தைக்கக் கொடுத்தால் கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே கொடுங்கள். முகூர்த்த மாதத்தில் டெய்லர் சொல்லும் தேதியை நம்ப முடியாது, நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. இடுப்பில் ஓர் அங்குலம் தையல் விட்டு வைக்கச் சொல்லுங்கள். கல்லூரிச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கு அதிகம்.

கோட்டு கட்டாயமா? பேன்ட், பாவாடை போடுகிறவர்களுக்குக் கட்டாயமில்லை. ஆனால் அக்டோபரில் அங்கியும் சட்டையும் மட்டும் குளிர் தாங்காது. அதோடு அதே கோட்டு விருந்துகளுக்கும், பின்னால் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கும் ஆகும்.

வெள்ளைச் சட்டை இரண்டு: ஒன்று போதும் என்று நினைக்காதீர்கள், தேர்வு நாள்கள் அடுத்தடுத்து வரும். முழுக்கை, காலர், எந்த வேலைப்பாடும் இல்லாத வெள்ளை. நம் ஊரில் வேட்டி சட்டைக் கடைகளில் கிடைக்கும் வெள்ளைச் சட்டை தாராளமாக ஆகும், ஆனால் பையில் பூத்தையல் இல்லாததாகப் பாருங்கள். பெண்களுக்கான சட்டைகளில் கோடு, சுருக்கம், முத்துப் பொத்தான், காலரே இல்லாத கழுத்து என்று ஏதாவது ஒன்று ஒளிந்திருக்கும். சந்தன வெள்ளை வேண்டாம். அம்மா சொட்டு நீலம் போட்டுத் துவைத்துக் கொடுத்த என் சட்டை, வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவில் லேசான ஆகாய நிறத்தில் தெரிந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, குழுப் படத்தில் மட்டும் இன்றைக்கும் தெரிகிறது.

கறுப்பு ஷூ: பள்ளிக்குப் போட்ட கறுப்பு ஷூ இன்னும் அளவாக இருந்தால் பாலிஷ் போட்டு அதையே எடுத்துப் போங்கள், நான் கிண்டலாகச் சொல்லவில்லை. புதிதாக வாங்குவதென்றால் தட்டையான, வழுக்காத அடியுள்ளதாக வாங்குங்கள். ராட்கிளிஃப் சதுக்கத்திலும் மெர்ட்டன் தெருவிலும் தரை முழுக்க உருண்டைக் கல். குதிகால் உயரமான ஷூ அந்தக் கல் இடுக்கில் மாட்டும். அடியில் வெள்ளை ரப்பரோடு வரும் கறுப்பு ஸ்னீக்கர் வேண்டாம்.

சாக்ஸ்: நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். கணுக்காலோடு நிற்கும் குட்டை சாக்ஸ் போட்டு உட்கார்ந்தால் பேன்ட் மேலேறித் தோல் தெரியும். காலோ கணுக்காலோ வெறுமனே தெரியக் கூடாது. முழங்காலுக்குக் கீழ்வரை வரும் கறுப்பு சாக்ஸ் நான்கு ஜோடி, நம் ஊர் சீருடைக் கடையில் இருநூறு முந்நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

டை: பள்ளியில் போட்ட, முடிச்சும் எலாஸ்டிக்கும் சேர்ந்தே வரும் டை கறுப்பில் கிடைத்தாலும் வாங்காதீர்கள், காலருக்குப் பின்னால் எலாஸ்டிக் எட்டிப் பார்க்கும். சாதாரண நீளக் கறுப்பு டை ஒன்று வாங்கி, முடிச்சுப் போட ஊரிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சேர்ந்து மூன்று நான்கு கிலோ ஆகும். கோட்டையும் ஷூவையும் விமானத்தில் போட்டுக்கொண்டு ஏறினால் பெட்டியில் அம்மாவின் பருப்புப் பொடிக்கு இடம் கிடைக்கும்.

3. அங்கே போய் வாங்கவேண்டியது: அங்கி, தொப்பி, ரிப்பன்

இங்கேதான் நான் வழுக்கினேன். இளநிலை மாணவருக்கு ஓர் அங்கி, உதவித்தொகை மாணவர் என்று கல்லூரி அறிவித்த இளநிலை மாணவருக்கு இன்னோர் அங்கி, முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கு வேறோர் அங்கி. மூன்றும் கறுப்பு, மூன்றும் தூரத்தில் ஒன்று போலத்தான் தெரியும்.

சாதாரண இளநிலை அங்கி இடுப்பைக் கொஞ்சம் தாண்டி நின்றுவிடும். கை கிடையாது, முதுகுப் பக்கம் இரண்டு பட்டைகள் தொங்கும். உதவித்தொகை மாணவர் அங்கி அதைவிட நீளம், அகலமான திறந்த கை இருக்கும். முதுநிலை மாணவர் அங்கியும் நீளம்தான், ஆனால் கை இல்லை, மடிப்பு வைத்த பட்டைகள் தொங்கும்.

நான் கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் யாரோ விற்ற பழைய அங்கியைப் பாதி விலைக்கு வாங்கிவிட்டேன். 'முதலாண்டு மாணவருக்கானது' என்று போட்டிருந்தது. நானும் முதலாண்டுதானே! போய்ப் போட்டுப் பார்த்தால் இடுப்போடு நிற்கிறது. அடுத்த அறையில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தார். "தங்கச்சி, இது உமக்குரிய கவுன் இல்லை, இளநிலைப் பிள்ளையள் போடுறது" என்றார். அவர்தான் கடைக்கும் கூட்டிப் போனார்.

இன்னொரு குழப்பம். உதவித்தொகையில் படிக்கப் போகிற முதுநிலை மாணவர்கள் தங்களுக்கு உதவித்தொகை மாணவர் அங்கி என்று நினைத்துவிடுகிறார்கள். அது கல்லூரி, தேர்வில் சிறந்த இளநிலை மாணவருக்குத் தரும் தகுதி. உங்கள் அரசோ அறக்கட்டளையோ பணம் தருவதற்கும் அந்த அங்கிக்கும் சம்பந்தம் இல்லை.

கடைக்குப் போனால் மூன்று தகவல் சொல்லுங்கள்: இளநிலையா முதுநிலையா, உங்கள் உயரம், தலையின் சுற்றளவு. ஹை ஸ்ட்ரீட்டில் ஷெப்பர்ட் அண்ட் வுட்வர்ட், ஈட் அண்ட் ரேவன்ஸ்கிராஃப்ட், டர்ல் தெருவில் வால்டர்ஸ், இவை காலங்காலமாக அங்கி விற்கும் கடைகள். அங்கி, தொப்பி, டை அல்லது ரிப்பன் எல்லாம் ஒரே கட்டாகத் தருவார்கள். நான் வாங்கியபோது கட்டு ஐம்பது பவுண்டுக்குப் பக்கத்தில் வந்தது. பழையது வாங்க நினைத்தால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் கையில் எடுத்துப் பார்த்து, உங்கள் கல்லூரியில் மேல் வகுப்பில் இருப்பவர் ஒருவரிடம் காட்டிவிட்டு.

வாடகைக்கு எடுக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். மெட்ரிகுலேஷன், தேர்வு, பல கல்லூரிகளில் விருந்து என்று ஓராண்டுப் படிப்பிலேயே பத்துப் பதினைந்து முறை தேவைப்படும். வாங்கிவிட்டு முடிவில் அடுத்த ஆண்டு வருபவருக்கு விற்றுவிடுங்கள்.

ரிப்பன் என்பது இரண்டு விரல் அகலக் கறுப்புப் பட்டை. காலருக்கு அடியில் சுற்றி, முன்னால் தளர்வான பூ முடிச்சு. சடைக்கு ரிப்பன் கட்டிப் பழகிய கைக்கு அரை நிமிட வேலை.

டைட்ஸ் போடுவதென்றால் முழுக் கறுப்பு, தோல் தெரியாத தடிமன். 40 டெனியர் அல்லது அதற்கு மேல் என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். நான் ஊரிலிருந்து தோல் நிறத்தில் வாங்கிப் போயிருந்தேன். அது எந்தப் பட்டியலிலும் இல்லை. விழாவுக்கு முந்தின மாலை கடைகளில் என் அளவுக் கறுப்பு டைட்ஸ் தீர்ந்துபோயிருந்தது. ஊர் முழுக்கப் புது மாணவிகள் ஒரே பொருளைத் தேடும் வாரம் அது. பேன்ட் போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, அடுத்த நிகழ்ச்சியிலிருந்து நானும் பேன்ட்டுக்கு மாறிவிட்டேன்.

4. மெட்ரிகுலேஷன் நாள்

முதல் பருவத்துக்கு மிக்கேல்மஸ் என்று பெயர், அக்டோபரில் தொடங்கும். பாடம் தொடங்குவதற்கு முந்தின வாரத்தைப் பூஜ்ய வாரம் என்பார்கள். அடுத்தது முதல் வாரம், அந்த வாரச் சனிக்கிழமைதான் வழக்கமாக மெட்ரிகுலேஷன். ஆக, போய் இறங்கியதிலிருந்து உங்களுக்கு இரண்டு வாரம்கூட இருக்காது. இந்த இடைவெளியில் வங்கிக் கணக்கு, மருத்துவரிடம் பதிவு, நூலக அறிமுகம் எல்லாம் நெருக்கும். அங்கிக் கடைக்குப் பூஜ்ய வாரத் திங்கள், செவ்வாயிலேயே போய்விடுங்கள். வெள்ளிக்கிழமை போனால் வரிசை வாசலுக்கு வெளியே நிற்கும்.

அதற்கு முன்பே இணையத்தில் பல்கலைக்கழகப் பதிவை முடித்து, பல்கலைக்கழக அட்டையைக் கையில் வாங்கியிருக்க வேண்டும். நம்மவர்கள் கவனிக்கவேண்டியது பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராக இருக்கும், பள்ளிச் சான்றிதழில் வெறும் எழுத்தாக இருக்கும். பதிவில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா, முன்பெயர் பின்பெயர் இடம் மாறியிருக்கிறதா என்று அப்போதே பார்த்துத் திருத்திவிடுங்கள். பட்டச் சான்றிதழ்வரை இந்தப் பெயர்தான் வரும்.

அன்றைக்கு நடப்பது இப்படி. கல்லூரியில் கூடச் சொன்ன நேரத்துக்கு முழு உடுப்போடு போகவேண்டும். பெயர் சரிபார்ப்பார்கள், உடுப்பையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். குழுப் படம் எடுப்பார்கள். அப்புறம் கல்லூரி கல்லூரியாக ஊர்வலம் போல நடந்து பிராட் தெருவில் உள்ள ஷெல்டோனியன் அரங்குக்குப் போவீர்கள். உள்ளே லத்தீனில் சில வரிகள், துணைவேந்தர் அல்லது அவர் சார்பில் ஒருவரின் சிறிய உரை, அவ்வளவுதான். கால் மணி நேரம்கூட ஆகாது. மேடைக்கு ஏற வேண்டாம், கையெழுத்து வேண்டாம், கட்டணமும் கிடையாது. பெற்றோருக்கு உள்ளே அனுமதி இல்லை, அவர்களை இதற்காக விமானம் ஏற்ற வேண்டாம். குழுப் படத்தின் பிரதி வேண்டுமென்றால் மட்டும் பணம், அதையும் பின்னால் நிதானமாக வாங்கலாம்.

தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டம் வாங்கும்வரை தலையில் வைக்கக் கூடாது என்று பழைய மாணவர்கள் மிரட்டுவார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம், கட்டடத்துக்குள் மட்டும் வைக்காதீர்கள்.

குடை கட்டாயம். மடக்குக் குடை, கறுப்பு. ஊர்வலத்தின் நடுவில் மழை வந்தால் யாரும் ஓட மாட்டார்கள்.

உடம்பு சரியில்லை, விசா தாமதம் என்று அந்த நாளைத் தவறவிட்டால் பதறாதீர்கள், பிறகு நடக்கும் சிறிய நிகழ்ச்சியில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் கல்லூரி அலுவலகத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் போயிருக்க வேண்டும்.

5. ஃபார்மல் ஹால்

கல்லூரி உணவுக்கூடத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் மூன்று சுற்றுச் சாப்பாடு. இதற்கு சப் ஃபஸ்க் தேவையில்லை. நல்ல உடுப்பு போதும், சில கல்லூரிகளில் அதன்மேல் அங்கி. வாட்ஹம் போன்ற இடங்களில் அங்கியைக் கேட்பதில்லை. முதுநிலைக் கல்லூரியான வுல்ஃப்சனில் ஆசிரியர்களுக்கென்று உயர மேசையே கிடையாது. எனவே வேறு கல்லூரி நண்பர் அழைத்தால், "அங்கி வேணுமா?" என்று முதலில் கேட்டுவிடுங்கள். தெரியாவிட்டால் பையில் சுருட்டி எடுத்துப் போங்கள், சுருங்குமே என்ற கவலை அந்தத் துணிக்குக் கிடையாது.

உயர மேசைக்காரர்கள் உள்ளே வரும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள், ஒருவர் லத்தீனில் பிரார்த்தனை சொல்வார். சில இடங்களில் 'பெனடிக்டஸ் பெனடிகாட்' என்று இரண்டே சொல். அது முடிவதற்குள் ரொட்டியைப் பிய்க்காதீர்கள். நான் பிய்த்தேன்.

விலை கல்லூரிக்குக் கல்லூரி மாறும், பத்திலிருந்து இருபத்தைந்து பவுண்டுவரை நான் கொடுத்திருக்கிறேன். சைவம் என்றால் முன்பதிவு செய்யும்போதே குறிக்க வேண்டும். அங்கே 'வெஜிடேரியன்' என்றால் முட்டை இருக்கலாம். முட்டையும் வேண்டாம் என்றால் தனியாக எழுதுங்கள்.

6. அழைப்பிதழில் வரும் குறிச்சொற்கள், இப்போது பட்டு

இங்கே நம் பெட்டியைத் திறக்கலாம். அழைப்பிதழின் மூலையில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதுதான் உத்தரவு.

'லவுஞ்ச் சூட்' என்றால் அலுவலகத்துக்குப் போடும் சாதாரண கோட்டு சூட்டு, டை. வரவேற்பறையில் சாய்ந்துகொள்ளும் உடுப்பு என்று நினைத்து ஸ்வெட்டரில் வந்த ஒருவரை எனக்குத் தெரியும். பெண்களுக்குச் சேலை, நல்ல சல்வார் எல்லாம் சரி.

'பிளாக் டை' என்றால் கறுப்பு நீள டை அல்ல. கறுப்பு போ டை, பட்டு மடிப்புக் காலர் வைத்த டின்னர் ஜாக்கெட். சப் ஃபஸ்க்குக்கு வாங்கிய கறுப்புக் கோட்டோடு போ டை கட்டிச் சமாளிக்கும் மாணவர்கள் நிறைய, மாணவர் விருந்தில் யாரும் பொருட்படுத்துவதில்லை. பழைய துணி விற்கும் அறக்கட்டளைக் கடைகளில் டின்னர் ஜாக்கெட் இருபது முப்பது பவுண்டுக்குக் கிடைக்கும், மே மாதத்துக்கு முன் தேடினால்.

'ஒயிட் டை' என்றால் வால் கோட்டு, வெள்ளை உட்கோட்டு, வெள்ளை போ டை. ஜூனில் சில பெரிய கல்லூரிகள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் 'பால்' என்ற பெரிய நடன விருந்துக்கு இது. நுழைவுச்சீட்டே 200 பவுண்டைத் தாண்டும், உடுப்பு வாடகை தனி.

இந்தக் கடைசி இரண்டிலும் 'அல்லது தேசிய உடை' என்று பல அழைப்பிதழ்களில் இருக்கும். இல்லாவிட்டாலும் ஏற்பாட்டாளரிடம் ஒரு வரி கேட்டால், எனக்குத் தெரிந்து, மறுத்ததில்லை. வாடகைக்கு அறுபது எழுபது பவுண்டு கொடுக்கும் செலவை அம்மாவின் காஞ்சிப் பட்டு மிச்சப்படுத்தும். ஆண்களுக்குப் பட்டு வேட்டி, சட்டை, அங்கவஸ்திரம். என் நண்பர் ஒருவர் அப்படித்தான் வந்தார். ஒட்டும் பட்டை வைத்த வேட்டி, மேலே இடுப்பில் பெல்ட். விருந்துக்குப் பின் ஆடச் சொல்வார்கள், பெல்ட் இல்லாமல் போகாதீர்கள்.

சேலைக்குச் சில யோசனைகள். உள்பாவாடைக்குள் தெர்மல் லெக்கிங்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், வெளியே தெரியாது. நடந்து போகும்போது கொசுவத்தைச் சற்று தூக்கிக் கட்டிவிட்டு, அங்கே போய்ச் சரிசெய்துகொள்ளுங்கள். நவம்பர்த் தெரு எப்போதும் ஈரம். ஊக்கு ஒரு டஜன் ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். சேலைமேல் அங்கி போடவேண்டி வந்தால் முந்தானையை மடித்துத் தோளில் இரண்டு ஊக்கு குத்துங்கள். பட்டுமேல் அங்கி நிற்காது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வழுக்கிக்கொண்டே இருக்கும். சேலைமேல் போட நீளமான கம்பளிக் கோட்டு ஒன்று வேண்டும், இதை மட்டும் அங்கே வாங்குங்கள்.

மூன்று சேலைகளையும் நான் கட்டிவிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

7. தேர்வு நாள்

தேர்வு மண்டபத்தில் எழுதும் தேர்வுக்கு அங்கியும் சப் ஃபஸ்க்கும் முழுதாக வேண்டும். ஹை ஸ்ட்ரீட்டில் உள்ள எக்ஸாமினேஷன் ஸ்கூல்ஸ் அல்லது ஊருக்கு வடக்கே சம்மர்டவுனில் உள்ள இயூவர்ட் ஹவுஸ், எது உங்களுக்கு என்று தேர்வு அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே அரை மணி நேர நடை. இடம் மாறிப் போய் அங்கியோடு சைக்கிள் மிதித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பட்டை சக்கரத்தில் மாட்டும்.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகு அங்கி, கோட்டு, டை எல்லாம் கழற்றிக்கொள்ளலாம். ஜூன் மாதத்தில் இது பெரிய நிம்மதி. பல்கலைக்கழக அட்டை மேசைமேல் இருக்க வேண்டும். எழுதுபொருள்கள் உள்ளே தெரியும் பையில். ஸ்மார்ட் கைக்கடிகாரத்தை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கோட்டில் ஒரு கார்னேஷன் பூவைக் குத்திக்கொள்வது வழக்கம்: முதல் தேர்வுக்கு வெள்ளை, நடுவில் வருபவற்றுக்கு இளஞ்சிவப்பு, கடைசித் தேர்வுக்குச் சிவப்பு. இது விதி இல்லை, பூ இல்லாமலும் எழுதலாம். பூவை நீங்களே வாங்காமல் நண்பர் வாங்கித் தருவதுதான் முறை. எனவே உங்கள் நண்பரின் தேர்வுத் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தேர்வு முடிந்து வெளியே வரும்போது நண்பர்கள் நுரையும் வண்ணப் பொடியும் வீசக் காத்திருந்தால் தடுத்துவிடுங்கள். அதற்கு அபராதம் உண்டு, வெள்ளைச் சட்டையும் அதோடு முடிந்தது.

8. பட்டமளிப்பு

ஓராண்டு முதுநிலைப் படிப்பு செப்டம்பரில் முடிந்தாலும் பட்டமளிப்பு அதற்குப் பல மாதம் கழித்துத்தான். அழைப்பு மின்னஞ்சல் வந்தவுடன் தேதியைப் பதிவு செய்யுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பும். வர முடியாதவர்கள் நேரில் வராமலே பட்டம் பெற்றுச் சான்றிதழை வரவழைக்கலாம்.

ஊருக்குத் திரும்பும்போது அங்கியை விற்றுவிட்டு, சப் ஃபஸ்க்கையும் தூக்கிப் போட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. பட்டமளிப்புக்கு மறுபடி அதே கறுப்பு வெள்ளை வேண்டும். அங்கியும் இரண்டு வேண்டும். முதலில் மாணவர் அங்கியோடு ஷெல்டோனியனுக்குள் போவீர்கள். லத்தீனில் கேட்கும் கேள்விக்கு 'டோ ஃபிடெம்' (உறுதியளிக்கிறேன்) என்று பதில் சொல்லிவிட்டு வெளியே வந்து, பக்கத்துக் கட்டடத்தில் புதிய பட்டத்தின் அங்கியையும் முதுகில் தொங்கும் வண்ணத் துணியையும் போட்டுக்கொண்டு, மறுபடி உள்ளே வருவீர்கள். கைதட்டு அப்போதுதான். புதிய அங்கியையும் துணியையும் அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்தால் போதும், ஐம்பது பவுண்டு ஒதுக்கி வையுங்கள். ஒரு மாதம் முன்பே கடையில் சொல்லி வைத்து, எந்தப் பட்டம் என்பதைப் படிப்பின் முழுப் பெயரோடு எழுதிக் கொடுங்கள். முதுநிலைப் பட்டம் என்று மட்டும் எழுதினால் துணியின் நிறம் மாறிவிடும். திருப்பிக் கொடுக்கவேண்டிய நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். படம் எடுக்கும் மும்முரத்தில் நான் மறந்து, அங்கியோடு ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கடையிலிருந்து அழைத்தார்கள்.

பெற்றோர் வருவதென்றால் பயண விசாவுக்குக் கிளம்பும் நாளுக்கு மூன்று மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு வழக்கமாக மூன்று வாரத்தில் வரும், ஆனாலும் முதல் வாய்ப்பிலேயே போட்டுவிடுங்கள். பட்டமளிப்புப் பதிவை உறுதிசெய்யும் மின்னஞ்சலை அச்செடுத்து விண்ணப்பத்தோடு இணையுங்கள். விருந்தினர் சீட்டு அளவாகத்தான் கிடைக்கும், சித்தப்பா குடும்பத்துக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

விருந்தினர்களுக்கு சப் ஃபஸ்க் கிடையாது. அப்பா வேட்டியில் வரலாம், அம்மா மாம்பழ நிறக் காஞ்சிப் பட்டில் வரலாம். ஷெல்டோனியனின் பெஞ்சுகள் கட்டை, மேல் வரிசைக்குப் படி ஏற வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கீழே இடம் வேண்டும் என்று பதிவின்போதே எழுதுங்கள். அம்மாவுக்குச் செருப்போடு போட, கட்டைவிரல் தனியாகப் பிரிந்த கம்பளி சாக்ஸ் வேண்டும். அது அங்கே எளிதில் கிடைக்காது, ஊரிலிருந்தே வாங்கிவரச் சொல்லுங்கள்.